ஊசி உடைந்தால் உங்களிடம் வந்து சொல்வார்களா?

டவல் தைக்கிற யூனிட்டில் ஊசி உடைவது தினமும் நடக்கிற விஷயம். மூலையில் நாலு மடிப்பு ஒன்றாகச் சேருகிற இடத்தில் ஊசி இறங்கும்போது பட்டென்று முறியும். ஏற்றுமதி ஆர்டர் எடுக்கிற இடங்களில் இதற்கென்றே ஒரு நோட்டு உண்டு. உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்து, செலோடேப் போட்டு அந்த நோட்டில் ஒட்டி, தேதி, நேரம், மெஷின் நம்பர், பெயர் எழுதி, சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்கினால்தான் புது ஊசி கொடுப்பார்கள். ஒரு துண்டு கிடைக்காவிட்டால், அந்த மெஷினைச் சுற்றிக் கிடக்கிற பீஸ் அத்தனையையும் ஒதுக்கி, துணிக்குள் ஊசித் துண்டு இருந்தால் காட்டிக்கொடுக்கிற நீடில் டிடெக்டர் மெஷினில் விட்டுப் பார்க்க வேண்டும். யாரோ ஒரு வீட்டில் குழந்தைக்கு முகம் துடைக்கிற துண்டில் ஊசி முனை போய்விடக் கூடாது, அதற்குத்தான் இவ்வளவும்.

சேலத்தில் கொண்டலாம்பட்டி பக்கம் ஒரு யூனிட்டில் தையல் பிரிவுக்குப் பொறுப்பாகப் போன முதல் நாள் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். 42 மெஷின்கள், மூன்று மாதம், மொத்தம் ஐந்தே பதிவுகள். நல்ல கைகளாக அமைந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். இரண்டாவது வாரம் ஒரு மதியம், ஜன்னலோர மெஷினில் இருந்த பெண் சாப்பாட்டுக் கூடைக்குள் கையை விட்டு ஒரு தீப்பெட்டியை எடுத்தார். உள்ளே ஒரு துணிக் கிழிசலில் குத்திவைத்த ஆறேழு ஊசிகள். உடைந்ததைக் காலால் மேஜைக்கடியில் தள்ளிவிட்டு, புதிதை மாட்டித் திருகாணியை முறுக்கி, அரை நிமிடத்தில் மறுபடி தைக்க ஆரம்பித்துவிட்டார். சின்னக்கடை வீதியில் சொந்தக் காசு போட்டு வாங்கிய ஊசிகள் அவை. மெதுவாக விசாரித்ததில் பாதி லைனில் இப்படித் தீப்பெட்டி இருந்தது.

எனக்கு முன்னால் இருந்தவர் உடைந்த ஊசிக்குக் காசு பிடிப்பாராம். காசைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார்கள், மைக்கில் பெயரைச் சொல்லி "இன்னைக்கும் நீதானா" என்பாராம். அவர் போய்விட்டார், தீப்பெட்டிகள் போகவில்லை. அப்புறம் இன்னொன்றையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும்: வந்த முதல் வாரத்தில் ஒருவர் உடைந்த ஊசியோடு என்னிடம் வந்தபோது, லாரி நிற்கிற அவசரத்தில், "இப்ப இது வேறயா" என்று சொல்லியிருக்கிறேன். ஒரே ஒரு வார்த்தை. லைன் முழுக்க அதைக் கேட்டிருக்கிறது, இவரும் அவரைப் போலத்தான் என்று முடிவு கட்டியிருக்கிறது.

கம்பெனி கல்ச்சர், பணியிடப் பண்பாடு என்றெல்லாம் பெரிய நிறுவனங்களில் சொல்கிறார்களே, அது இந்தத் தீப்பெட்டிதான். நீங்கள் இல்லாத நேரத்தில், யாரும் சொல்லித் தராமலே, "இங்கே இப்படித்தான்" என்று எல்லோரும் செய்கிற காரியம். எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த எட்கர் ஷைன் இதை மூன்று அடுக்காகப் பார்க்கச் சொன்னார்: கண்ணுக்குத் தெரிவது ஒன்று, வாயால் சொல்லிக்கொள்வது ஒன்று, சொல்லாமலே எல்லோரும் உண்மை என்று நம்புவது ஒன்று. எங்கள் யூனிட்டில் கண்ணுக்குத் தெரிந்தது சுத்தமான நோட்டு. வாயால் சொன்னது, சுவரில் பெயிண்டில் எழுதியிருந்த "தரமே நம் உயிர்". எல்லோரும் நம்பியது, "சொன்னால் மாட்டிக்கொள்வோம்". வேலையை நடத்தியது இந்த மூன்றாவதுதான்.

இந்த மாதிரி விஷயங்களைப் பற்றி வருகிற ஆலோசனைகள் பெரும்பாலும் ஆயிரம் பேர் வேலை செய்கிற, மனிதவளத் துறை வைத்திருக்கிற கம்பெனிகளுக்கானவை. நம் ஊர் அப்படி இல்லை. உருக்காலை, ரயில்வே மாதிரி சிலவற்றை விட்டால், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறை, அம்மாபேட்டை தறிக்கூடம், ஆத்தூர் பக்கத்து ஜவ்வரிசி ஆலை, மலைமேல் எஸ்டேட் என்று பத்துப் பேர், முப்பது பேர், அறுபது பேர் வேலை செய்கிற இடங்கள்தான் அதிகம். இங்கே விதிப்புத்தகம் கிடையாது, முதலாளி முகம்தான் விதி. அதனால் மாற்றுவதும் நமக்குச் சுலபம், கெடுப்பதும் சுலபம். என் அனுபவத்தில் பலித்ததையும் பலிக்காததையும் எழுதுகிறேன்.

மூன்று வாரம் பேசாமல் பாருங்கள்

புதிதாகப் பொறுப்புக்கு வந்தவரோ, இருபது வருடமாக நடத்துகிறவரோ, முதல் வேலை பார்ப்பதுதான். மீட்டிங் போட்டு "ஏதாவது குறை இருந்தா சொல்லுங்க" என்று கேட்காதீர்கள். "எல்லாம் நல்லா இருக்கு சார்" என்பார்கள், நீங்களும் நம்பிவிடுவீர்கள், அதற்குப் பிறகு உண்மை தெரிய ஒரு வருடம் ஆகும்.

உங்கள் வண்டி கேட்டுக்குள் நுழையும்போது உள்ளே என்ன ஆகிறது என்று கவனியுங்கள். பேச்சு நிற்கிறதா, ரேடியோ சத்தம் குறைகிறதா, யாராவது ஓடிப் போய் எதையாவது மூடுகிறார்களா? ஒரு நாள் வண்டியை டீக்கடையிலேயே விட்டுவிட்டு நடந்து போய்ப் பாருங்கள். சாப்பாட்டு நேரத்தில் யார் யாரோடு உட்காருகிறார்கள், யார் மட்டும் எப்போதும் தனியாகப் படிக்கட்டில் உட்காருகிறார்கள், யாருடைய டப்பாவுக்குள் யார் கை போவதில்லை என்று பாருங்கள். இது சாதி சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், இருக்கும். "அதெல்லாம் இப்ப யாரு பாக்கறாங்க" என்று சொல்லித் தாண்டிப் போகிற மேனேஜர், தன் இடத்தைப் பற்றி முக்கியமான ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் போகிறார். ஒரு மேஸ்திரி தன் ஊரில் இருந்து, தன் ஆட்களாகவே பத்துப் பேரைக் கூட்டி வந்திருந்தால், பதினொன்றாவதாக வந்தவர் வாய் திறக்க மாட்டார் என்பது மட்டும் நிச்சயம்.

யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதையும் கேளுங்கள். அண்ணா, அக்கா, சார், பெயர், "டா", "ஏய்". ஐம்பத்தைந்து வயதுள்ள செக்கிங் அக்காவை இருபத்தைந்து வயது சூப்பர்வைசர் பெயர் சொல்லி ஒருமையில் கூப்பிடுகிற இடத்தில், அந்த அக்கா பார்க்கிற பழுதுகளில் எத்தனை அவன் காதுக்குப் போகும் என்று நினைக்கிறீர்கள்?

அப்புறம், புதிதாகச் சேர்ந்தவரை விடாதீர்கள். சேர்ந்து ஒரு மாதம், ஒன்றரை மாதம் வரைக்கும்தான் அவருக்கு வித்தியாசம் தெரியும், அதற்குப் பிறகு அவரும் நம்மைப் போல ஆகிவிடுவார். "வந்தப்ப எது உங்களுக்கு விநோதமா இருந்துச்சு?" என்று கேளுங்கள். வேலையை விட்டுப் போனவர்களையும் போகும் நாளில் கேட்காதீர்கள், கணக்குத் தீர்க்கிற அன்று யாரும் மனதில் இருப்பதைச் சொல்ல மாட்டார்கள். ஒரு மாதம் கழித்து டீக்கடையில் பார்த்துக் கேளுங்கள். கேள்வியும் முக்கியம். "இங்க கல்ச்சர் எப்படி?" என்றால் யாருக்கும் புரியாது. "இங்க யாரைப் பத்தி ரொம்ப நாள் பேசினாங்க? யாரை ஏன் நிறுத்தினாங்க?" என்று கேட்டால் கதை வரும். கதைக்குள் எல்லாம் இருக்கும்.

ஆடி மாதத்தை ஒரு சோதனையாகவே வைத்துக்கொள்ளலாம். கோட்டை மாரியம்மனில் ஆரம்பித்து ஏரியாவுக்கு ஏரியா மாரியம்மன் பண்டிகை, குகையிலும் அம்மாபேட்டையிலும் அலங்கார வண்டிகள் ஊர்வலமாக வருகிற வண்டி வேடிக்கை, வீட்டுக்கு உறவுக்காரர்கள் வருவார்கள். லீவு கேட்காமல் இருக்கவே முடியாது. உங்களிடம் எத்தனை பேர் "பண்டிகை, ரெண்டு நாள் வேணும்" என்று கேட்கிறார்கள், எத்தனை பேர் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பாட்டி சீரியஸ் என்கிறார்கள்? உண்மையைச் சொன்னால் கிடைக்காத லீவு பொய் சொன்னால் கிடைக்கிறது என்றால், பொய் சொல்ல நாம்தான் பழக்கியிருக்கிறோம். நாங்கள் ஆனி மாதக் கடைசியிலேயே ஒரு சார்ட் ஒட்டி, அவரவர் ஏரியாப் பண்டிகைத் தேதியை அவர்களையே எழுதச் சொன்னோம். முதல் வருடம் பாதிப் பேர்தான் எழுதினார்கள். இரண்டாம் வருடம் சார்ட் பத்தவில்லை, இன்னொன்று ஒட்டினோம்.

இன்னொன்று, முன்பணம். தறியிலும் வெள்ளிப் பட்டறையிலும் முன்பணம் கொடுத்து ஆள் வைப்பது நம் ஊரில் பழகிப்போன விஷயம். முன்பணம் பாக்கி இருக்கிறவர் விட்டுப் போகவும் முடியாது, எதிர்த்துப் பேசவும் முடியாது. "நம்ம கிட்ட பத்து வருஷமா யாரும் போகல" என்று பெருமைப்படுகிற முதலாளிகளிடம் நான் கேட்பது, பாக்கி எவ்வளவு நிற்கிறது என்றுதான். அமைதியாக இருக்கிறார்கள் என்பதற்காகத் திருப்தியாக இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முன்பணத்தை ஒரே நாளில் யாராலும் நிறுத்த முடியாது, எனக்குத் தெரியும். குறைந்தபட்சம் ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன நோட்டுக் கொடுத்து, மாதாமாதம் பாக்கியை அவர் கண் முன்னால் எழுதிக் காட்டுங்கள். தொகை தெரிந்தாலே பயத்தில் பாதி போகும்.

எனக்குத் தெரிந்த இரண்டு கொலுசுப் பட்டறைகள் ஒரே தெருவில் இருக்கின்றன. இரண்டிலும் காலையில் வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார்கள், சாயங்காலம் செய்த வேலையையும் மிச்சத்தையும் எடை போட்டு வாங்குவார்கள், சேதாரம் போகக் கணக்கு நேராக வேண்டும். ஒன்றில் தராசு உள்ளறையில் இருக்கிறது, முதலாளி எடை போட்டுவிட்டு வந்து தொகையைச் சொல்வார். இன்னொன்றில் தராசு வாசல் திண்ணையில், செய்தவர் முன்னால், முள்ளை இருவரும் பார்த்து, இருவரும் தங்கள் தங்கள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். முதல் பட்டறையில் மாதம் ஒரு சண்டை வரும். இரண்டாவதில் சேதாரம் கூடினால் செய்தவரே, "அண்ணே, பொடி வைக்கிறப்ப கொஞ்சம் சிந்திருச்சு" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். தராசை எங்கே வைப்பது என்று முடிவு செய்தபோது, அந்த முதலாளி தன் பட்டறையின் பண்பாட்டையும் சேர்த்துத்தான் முடிவு செய்திருக்கிறார்.

கூலி எதற்குக் கொடுக்கிறீர்களோ அதுதான் நடக்கும்

ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்டில் மேனேஜராக இருக்கும் நண்பர் சொன்னது. சேர்வராயன் மலையில் விளைவது பெரும்பாலும் அராபிகா காப்பி. ஒரே கிளையில் சிவந்த பழமும் பச்சைக்காயும் சேர்ந்தே இருக்கும், அதனால் நவம்பரில் தொடங்கி ஜனவரி தாண்டியும் மூன்று நாலு தடவை சுற்றி வந்து பழுத்ததை மட்டும் எடுக்க வேண்டும். பச்சைக்காய் கலந்தால் தோல் உரிக்கிற மெஷினில் சரியாக உரியாது, காப்பியிலும் புல் வாசனை அடிக்கும். இதைத் தினமும் காலையில் மஸ்டர், அதாவது வந்த ஆட்களின் கணக்கு, எடுக்கும்போது சொல்வார்களாம். "பழுத்தது மட்டும், பழுத்தது மட்டும்." சாயங்காலம் மூட்டையைப் பார்த்தால் பச்சை.

நண்பர் திட்டினார், மேஸ்திரியை மாற்றினார், போர்டு எழுதி வைத்தார். பிறகு ஒரு நாள் அளக்கிற இடத்தில் ரைட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முழு நேரமும் பார்த்திருக்கிறார். மூட்டை தராசில் ஏறும், ரைட்டர் கிலோவை எழுதுவார், குறிப்பிட்ட கிலோவுக்கு மேல் எடுத்தால் கூடுதல் காசு. பச்சைக்காயும் எடை காட்டும். காலையில் காதில் விழுவது ஒன்று, சாயங்காலம் கையில் விழுவது வேறு. நம் ஆட்கள் சாயங்காலத்தை நம்பினார்கள், அதில் தப்பே இல்லை. அடுத்த சுற்றில் ஒவ்வொரு மூட்டையையும் தார்பாயில் கொட்டி, பச்சையைப் பொறுக்கித் தனியாக வைத்து, பழுத்ததற்கு மட்டும் கூடுதல் காசு என்று மாற்றினார். கொட்டிப் பார்க்க நேரம் ஆகிறது, மழை வந்தால் சிரமம், முதல் வாரம் முணுமுணுப்பு. ஆனால் அந்த வருடம் அவர் காலையில் அந்த வாக்கியத்தைச் சொல்வதையே விட்டுவிட்டார், தேவைப்படவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: உங்கள் சுவரில் எழுதியிருப்பதை ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்தில், கடந்த ஒரு வருடத்தில் யாருக்குச் சம்பளம் கூட்டினீர்கள், யாரைச் சூப்பர்வைசர் ஆக்கினீர்கள், யார் மேல் கோபப்பட்டீர்கள், தீபாவளிக்கு யாருக்குத் தனியாகக் கவர் கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள். இரண்டும் பொருந்தாத இடத்தில், ஆட்கள் இரண்டாவது பட்டியலைத்தான் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். எங்கள் யூனிட்டில் தரம் தரம் என்று சொல்லிவிட்டு, அதிக பீஸ் போட்டவருக்கு மட்டும் மாதம் ஒரு சில்வர் பாத்திரம் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

ஸ்டூல் போட்டால் மட்டும் உட்கார மாட்டார்கள்

தமிழ்நாட்டில் 2021ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, கடையில் வேலை செய்கிற எல்லோருக்கும் உட்கார இருக்கை தர வேண்டும் என்று கொண்டு வந்தார்கள். கேரளா 2018லேயே செய்துவிட்டது. நாள் முழுக்க நின்று நின்று கால் வீங்கிப் போகிற துணிக்கடைப் பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று வீட்டில் ஒருவர் அந்த வேலைக்குப் போனால்தான் தெரியும். என் கொழுந்தியாள் அப்படி ஒரு பெரிய கடையில் சேலைப் பிரிவில் இருந்தாள். சட்டம் வந்ததும் ஸ்டூல் வந்துவிட்டது. நாலு மாதம் யாரும் உட்காரவில்லை. "யாரும் உக்காரக்கூடாதுன்னு சொல்லல மாமா, ஆனா உக்காந்தா ஒரு மாதிரி பாப்பாங்க" என்றாள்.

அப்புறம் அந்த மாடிக்குப் புதிதாக ஒரு மேனேஜர் வந்தார், ஐம்பது வயதிருக்கும் அம்மா. மூன்று மணிக்குக் கூட்டம் குறைந்ததும் அவர் வந்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, பக்கத்து ஸ்டூலைத் தட்டி, "வாம்மா, கால் வலிக்குது எனக்கு" என்றிருக்கிறார். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ முதலாளி மாடி ஏறி வந்தபோது எல்லாப் பெண்களும் சட்டென்று எழுந்துவிட, அந்த அம்மா மட்டும் எழவில்லை. உட்கார்ந்தபடியே கணக்கைச் சொன்னார், முதலாளியும் கேட்டுவிட்டுப் போனார். அடுத்த நாளில் இருந்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். முதலாளி வந்தபோது அவர் எழாமல் இருந்த அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி என் கொழுந்தியாள் இன்றைக்கும் பேசுவாள்.

பாலியல் தொல்லை புகார்க் குழுவும் இப்படித்தான். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும், மூத்த பெண் ஊழியர் ஒருவர் அதற்குத் தலைவராக இருக்க வேண்டும், வெளியில் இருந்தும் ஒருவர் இருக்க வேண்டும் என்று 2013ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. பல இடங்களில் பெயர்ப் பட்டியல் சுவரில் இருக்கும், "இதுவரைக்கும் ஒரு புகார்கூட இல்லை" என்று சொல்வார்கள். எங்கள் ஊசி நோட்டிலும் மூன்று மாதத்துக்கு ஐந்தே பதிவுகள்தான் இருந்தன. அந்தக் குழுவில் இருக்கும் அக்காவுக்குத் தான் குழுவில் இருப்பது தெரியுமா என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.

மாற்றுவதை எங்கே ஆரம்பிப்பது

கெட்ட செய்தி வருகிற நிமிடத்தில். அதற்கு மேல் முக்கியமான இடம் எனக்குத் தெரியவில்லை. சரியாக அந்த நிமிடத்தில் உங்கள் வாயில் இருந்து வரும் முதல் வாக்கியத்தை மாற்றுங்கள். நான் எனக்காக ஒன்றை வைத்துக்கொண்டேன்: "சொன்னது நல்லதாப் போச்சு. எங்க இருக்கு, காட்டுங்க." பிறகு எழுந்து அவரோடு நடந்து போக வேண்டும். உட்கார்ந்துகொண்டே சொன்னால் பலிக்காது. கோபம் வந்தால்? வரும். நடந்து போகிற இருபது அடிக்குள் பாதி இறங்கிவிடும்.

தீப்பெட்டி விஷயத்தில் நாங்கள் செய்தது: காசு பிடிப்பதை நிறுத்தினோம், மைக்கைக் கழற்றினோம். ஒரு திங்கட்கிழமை காலையில் எல்லோரையும் நிற்க வைத்து, முதல் வாரம் நான் சொன்ன வார்த்தையைச் சொல்லி, அது தப்பு என்று சொன்னேன். வெளியில் வாங்கிய ஊசியை மேஜையில் வைத்தால் அதற்கான காசைத் தருகிறோம், யார் பெயரையும் எழுத மாட்டோம் என்றும் சொன்னேன். இரண்டு நாள் ஒரு ஊசிகூட வரவில்லை. மூன்றாம் நாள் லைனில் எல்லோருக்கும் மூத்த அக்கா வந்து, எல்லோரும் பார்க்கிற மாதிரி, ஒரு பழைய ஹார்லிக்ஸ் மூடியில் ஊசிகளைக் கொட்டினார். காசு வேண்டாம் என்று போய்விட்டார். மத்தியானத்துக்குள் மேஜை நிறைந்துவிட்டது.

அந்த மாதம் நோட்டில் 31 பதிவுகள். முதலாளி அதிர்ந்துபோய்க் கூப்பிட்டார், நீங்கள் வந்த பிறகு ஊசி உடைவது அதிகமாகிவிட்டதே என்று. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் பின்வாங்கிவிடுகிறார்கள், அதனால் முன்கூட்டியே உங்கள் மேலே இருப்பவரிடம் சொல்லி வையுங்கள்: கொஞ்ச நாளைக்கு எண்ணிக்கை மோசமாகத்தான் தெரியும். ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுப்பதில் நடக்கிற தவறுகளை ஆராய்ந்தபோது இதையேதான் பார்த்தார். ஒற்றுமையாக, நன்றாக வேலை செய்கிற குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். பதிவான தவறுகள் அங்கேதான் அதிகம் இருந்தன. அங்கே இருந்த நர்ஸ்கள் பயப்படாமல் சொன்னார்கள், மற்ற இடங்களில் மறைத்தார்கள். இதை நான் முதலாளியிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "அப்ப முன்னாடி போன சரக்குல எவ்வளவு இருந்திருக்கும்?" என்றார். அந்தக் கேள்விக்குப் பிறகு அவர் என் பக்கம்.

ஆள் சரியில்லை, ஆளை மாற்றினால் எல்லாம் மாறும் என்று நம் ஊரில் அடிக்கடி சொல்வார்கள். கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய கார் ஆலை 1982ல் மூடப்பட்டது. வேலைக்கு வராதவர்களும் சண்டையும் மோசமான தரமும் என்று பெயர் கெட்டுப்போன ஆலை. 1984ல் டொயோட்டாவோடு கூட்டாக அதே இடத்தில் மறுபடி திறந்தார்கள், எடுத்த ஆட்களில் பெரும்பாலோர் அதே பழைய தொழிலாளர்கள். கோளாறு தெரிந்தால் யார் வேண்டுமானாலும் கயிற்றை இழுத்து லைனை நிறுத்தலாம், இழுத்தவரிடம் டீம் லீடர் உதவிக்கு ஓடி வருவார் என்று வழக்கத்தை மாற்றினார்கள். கொஞ்ச காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் தரமான ஆலைகளில் ஒன்றாக அது ஆகிவிட்டது. ஆட்களை மாற்றலாமா என்று தோன்றும்போதெல்லாம் எனக்கு அந்தக் கயிறு ஞாபகம் வரும்.

ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு, இதை எழுதத்தான் எனக்குக் கை தயங்குகிறது. எங்கள் லைனில் எல்லோரையும்விட வேகமாகத் தைக்கிற மாஸ்டர் ஒருவர் இருந்தார். புதிதாக வரும் பெண்களை வாய்க்கு வந்தபடி பேசுவார். அவர் போனால் ஆர்டர் போய்விடும் என்று ஆறு மாதம் பொறுத்தேன். அந்த ஆறு மாதமும் நான் மரியாதையைப் பற்றிப் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் வீண். மூன்று தடவை தனியாக உட்கார்ந்து பேசி, எழுதியும் கொடுத்து, மாறாததால் கடைசியில் அனுப்பினோம். இரண்டு வாரம் உற்பத்தி விழுந்தது உண்மை. அடுத்த மாதம், நின்றுபோயிருந்த இரண்டு பெண்கள் திரும்பி வந்தார்கள். ஆறு மாதம் பொறுத்ததற்கு இன்னும் வருத்தப்படுகிறேன்.

நடுவில் இருப்பவர்கள்

நீங்கள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், தொழிலாளிக்குக் கம்பெனி என்பது அவருடைய சூப்பர்வைசர்தான். மேலிருந்து டார்கெட், கீழிருந்து புகார், இரண்டுக்கும் நடுவில் நசுங்குகிறவர் அவர். அவருக்கு நீங்கள் போனில் கத்தினால், அவர் லைனில் கத்துவார். ஆகவே சூப்பர்வைசரிடம் தினமும் முதலில் கேட்கிற கேள்வியை மாற்றிப் பாருங்கள். நான் "எத்தனை பீஸ்?" என்று கேட்டுக்கொண்டிருந்தவன், "இன்னைக்கு என்ன பிரச்சனை வந்துச்சு, யார் சொன்னாங்க?" என்று கேட்க ஆரம்பித்தேன். யார் சொன்னார்கள் என்பது முக்கியம், ஏனென்றால் சொன்னவர் பெயரை அவர் நல்லவிதமாக என்னிடம் சொல்ல வேண்டிவருகிறது. பீஸ் எண்ணிக்கை எப்படியும் சாயங்காலம் ரிப்போர்ட்டில் வரும்.

ஆயுத பூஜையையும் வீணாக்காதீர்கள். மெஷினைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கிற அன்று எல்லோரும் ஒரே தரையில் இருப்பார்கள். எங்கள் இடத்தில் முன்பெல்லாம் முதலாளி குடும்பம் ஆபீஸ் அறையில் பூஜை செய்துவிட்டு, பொரி கடலைப் பாக்கெட்டை வாட்ச்மேன் மூலம் கேட்டில் கொடுத்தனுப்புவார்கள். இப்போது பூஜை லைனிலேயே நடக்கிறது, அந்த வருடம் புதிதாகச் சேர்ந்தவர்தான் கற்பூரம் காட்டுகிறார். சின்ன விஷயம், ஆனால் போன வருடம் கற்பூரம் காட்டிய பையன் அந்த போட்டோவை இன்னும் போனில் வைத்திருக்கிறான்.

எவ்வளவு நாள் ஆகும்? எங்களுக்கு நோட்டை நம்பலாம் என்று எனக்குத் தோன்றவே பதினொரு மாதம் ஆனது. அது தெரிந்தது ஒரு சனிக்கிழமை ராத்திரி. லாரி வந்து நிற்கிறது, பாதிப் பெட்டி ஏற்றியாகிவிட்டது, தீப்பெட்டி வைத்திருந்த அதே ஜன்னலோரப் பெண் ஓடி வந்து, "சார், சாயங்காலம் உடைஞ்ச ஊசியில முனை கிடைக்கல, ஒட்டுறப்பவே சொல்லியிருக்கணும், மறந்துட்டேன்" என்றார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. லாரியில் இருந்து பெட்டிகளை இறக்கினோம். அவர் மெஷினில் மாலையில் ஓடிய லாட் 36 பெட்டி. பிரித்து ஒவ்வொரு டவலாக டிடெக்டரில் விட்டு, பத்தே முக்கால் மணிக்கு ஒரு மூலை மடிப்புக்குள் அது இருந்தது, அரிசியில் பாதி அளவு. யாரும் எதுவும் பேசவில்லை. முதலாளி வெளியே போய் எல்லோருக்கும் பரோட்டா வாங்கி வந்தார், பெண்களை அவரவர் வீட்டில் இறக்கிவிட வேனை வரச் சொன்னார். அந்தத் துண்டை நோட்டில் ஒட்டிய பக்கத்தில் சூப்பர்வைசர் கையெழுத்துக்குக் கீழே அவரும் ஒரு கையெழுத்துப் போட்டார்.

இன்னும் முடியாதது நைட் ஷிஃப்ட். அங்கே பாதிப் பேர் ஒடிசா, பீகார் பையன்கள். நான் இவ்வளவு நேரம் சொன்ன எதுவும் அவர்களிடம் போய்ச் சேரவில்லை, ஏனென்றால் நான் பேசியது எல்லாம் தமிழில், பகலில். இரண்டு வாரமாக ராத்திரி எட்டரைக்குப் போய் அவர்களோடு டீ குடிக்கிறேன். அவர்களில் நன்றாகத் தமிழ் பேசுகிற ஒருவனை வைத்து நோட்டின் தலைப்புகளை இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி ஒட்டியிருக்கிறோம். இதுவரை நைட்டில் இருந்து இரண்டு பதிவுகள் வந்திருக்கின்றன.